நகல் துப்பாக்கிகளின் அசல் கதை

பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் அமெரிக்கர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கைக்கு வந்த துப்பாக்கியை முதல்முறை சுடும்போது அதைத் தோளில் சார்த்துவதில்லை. தேய்ந்துபோன லாரி டயர் ஒன்றில் அதை இறுகக் கட்டுவார்கள். விசையில் ஒரு நீளக் கயிற்றை மாட்டி, தள்ளிப் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு இழுப்பார்கள். வெடித்ததும் வந்து பார்ப்பார்கள். குழலில் விரிசல் உண்டா? தோட்டாவின் பித்தளை உறை எங்காவது உப்பியிருக்கிறதா? பின்பக்கம் புகை கசிந்த கரி தெரிகிறதா? ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு தோட்டா, மறுபடியும் அதே கயிறு.

துப்பாக்கியைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து வாங்கி, பிறகு அதற்கே பயந்து மரத்தின் பின்னால் ஒளிவானேன்? அந்தத் துப்பாக்கி இங்கிலாந்தின் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாக இருந்தால் இவ்வளவு அச்சம் தேவையில்லை. அது காட்மாண்டுவில் ஒரு பட்டறையிலோ, பெஷாவருக்குத் தெற்கே ஒரு கடைத்தெருவிலோ, பெயர் தெரியாத ஒரு கொல்லரின் அரத்தால் உருவானது. பார்வைக்கு ஆங்கிலேயத் துப்பாக்கி, செய்தவர்களோ மலைநாட்டார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கே விசித்திரமாகத் தோன்றும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டிலும் வந்த கடுமையான சட்டங்களுக்குப் பிறகு, துப்பாக்கி என்றால் இங்குள்ள சாதாரண மனிதருக்குக் காவலரின் இடுப்பில் தொங்குவதும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பதும்தான். என்றாலும் இந்த நகல்களின் வரலாறு நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. அந்த வரலாற்றின் ஒரு முனையில் கூர்க்காக்கள் நிற்கிறார்கள். 1942 சனவரியில் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகளின் முன் சிதறியவர்களும், 1948க்குப் பிறகு அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் அலைந்தவர்களும், 1949 முதல் சிங்கப்பூர்க் காவல்துறையில் தனிப்படையாக இருந்து வருபவர்களும் அவர்கள்தாம்.

அசலே ஒரு கலப்பு

மலைநாட்டார் நகலெடுத்த துப்பாக்கிகளில் பேர்போனது மார்டினி-ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பிருந்த ஸ்னைடர், வாய்வழி மருந்து திணிக்கும் பழைய துப்பாக்கியைத் திருத்திப் பின்வழியாகத் தோட்டா போடும்படி மாற்றியது. மார்டினியோ தொடக்கத்திலிருந்தே பின்வழித் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்கதவு தாழும். ஒரு தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் கதவு மூடும், சுடவும் ஆயத்தமாகிவிடும். பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சுடலாம். 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் நூற்றைம்பது பேர் அளவிலான ஒரு சிறு படை, ஆயிரக்கணக்கான சூலு வீரரை ஓர் இரவு முழுக்கத் தடுத்து நின்றது இதை வைத்துத்தான். 1964இல் அந்தச் சண்டையைத் திரைப்படமாக எடுத்தார்கள். இன்று மார்டினியைத் தேடும் சேகரிப்பாளர் பலருக்கு அந்த ஆசை சிறுவயதில் அந்தப் படத்தைப் பார்த்தபோது முளைத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 'ஆங்கிலேய'த் துப்பாக்கியின் பின்கதவு, பீபாடி என்ற அமெரிக்கரின் யோசனை. அதைத் திருத்தியவர் சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய மார்டினி. குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களை அமைத்தவர் எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி. மூன்று நாட்டு மூளையைச் சேர்த்துக் கட்டியதை 'அசல்' என்றும், அதைப் பார்த்து நான்காம் நாட்டார் செய்ததைப் 'போலி' என்றும் சொல்லும்போது கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆள் வேண்டும், ஆயுதம் தர மாட்டோம்

1814 முதல் 1816 வரை நடந்த போரில் நேப்பாளம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்றது. சுகௌலி உடன்படிக்கையில் நிலத்தின் பெரும் பகுதியை இழந்தது. ஆனால் நாட்டை இழக்கவில்லை. கம்பெனிக்கும் அந்த மலைக்காரர்களின் போர்த்திறம் பிடித்துப்போயிற்று. போர் முடிவதற்குள்ளாகவே கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டது.

அதன்பின் இரு அரசுகளுக்கும் இடையே நெடுங்காலம் ஒரே பேரம்தான். பிரிட்டனுக்கு நேப்பாளத்தின் இளைஞர்கள் வேண்டும். நேப்பாளத்துக்குப் பிரிட்டனின் நவீனத் துப்பாக்கிகள் வேண்டும். இளைஞரைக் கேட்ட பிரிட்டன் துப்பாக்கியைக் கொடுக்கத் தயங்கியது. இன்று நண்பன், நாளை யாரோ என்ற கணக்கு. நேப்பாள அரசோ ஆள் சேர்க்க வருபவர்களுக்கு வெளிப்படையாக மறுப்புச் சொல்லாமல் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தது.

இந்தத் தயக்கம் நேப்பாளத்துக்கு மட்டும் காட்டப்பட்டதல்ல. தென்தமிழ்நாட்டில் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் நடத்திய போர் அடங்கிய கையோடு, 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஓர் அறிக்கை வெளியிட்டுப் பாளையக்காரரின் ஆயுதங்களைக் களைந்தது. 1857இல் சிப்பாய்கள் எழுந்ததற்கு என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டா ஒரு காரணம் என்பது பள்ளிப் பாடம். அதன் தொடர்ச்சி பாடநூலில் வருவதில்லை. கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட என்ஃபீல்டு, குழலில் வரிப்பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருந்தது. வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி. சுட்டால் தூரமும் குறியும் குறைவு. வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதமே கறுப்புச் சிப்பாய்க்கு என்பது அதன்பின் எழுதாத சட்டம் ஆயிற்று. பொதுமக்களுக்கோ 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம்.

நேப்பாளத்தார் இதற்குக் கண்ட வழி, கிடைத்த துப்பாக்கி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத் தாங்களே செய்துகொள்வது. ஆங்கிலேயரின் என்ஃபீல்டு வந்தபோது என்ஃபீல்டு, ஸ்னைடர் வந்தபோது ஸ்னைடர் என்று காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பட்டறைகள் பின்தொடர்ந்துகொண்டே இருந்தன. 1885 நவம்பரில் ராணா குடும்பத்துக்குள் நடந்த கொலையில் பீர் சம்ஷேர் பிரதமர் பதவியைப் பிடித்தார். புதிய பதவிக்குப் பிரிட்டனின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. ஆள்சேர்ப்புக்கு வழி திறந்துவிட்டார். 1886இல் கோரக்பூரில் கூர்க்கா ஆள்சேர்ப்பு நிலையம் உண்டாயிற்று. பதிலுக்கு ஓரளவு ஆயுதம் வந்தது. ஓரளவுதான்.

மீதித் தேவைக்கு நேப்பாளமே செய்தது 'கஹேந்திரா' என்று இன்று சேகரிப்பாளர் சொல்லும் துப்பாக்கி. பீர் சம்ஷேரின் மகன் ஜெனரல் கஹேந்திர சம்ஷேரின் பெயர் அது. நேப்பாளத்தின் முதல் அறிவியலாளர் என்று அந்நாட்டார் இவரைப் போற்றுவார்கள். பார்ப்பதற்கு மார்டினி-ஹென்றி போலவே இருக்கும். உள்ளே திறந்தால் வேறு. ஆங்கிலேய மார்டினியில் பின்கதவுக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். கஹேந்திராவில் அதற்குப் பதில் பழைய துப்பாக்கிகளில் வருவது போன்ற பட்டைவில். இந்த மாற்றம் முழுவதும் அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் மார்டினிக்குச் செய்த திருத்தத்தைத் தழுவியது அது. ஆனாலும் பிரிட்டிஷ் இராணுவம் எடுத்துக்கொள்ளாத ஒரு வடிவத்தைப் பார்த்து, தங்கள் கொல்லருக்கு எது எளிதில் கைவரும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல சுருள்வில் செய்வதற்குத் தரமான எஃகுக் கம்பியும் சீரான பதமும் வேண்டும். பட்டைவில்லை அடித்துப் பதமேற்றுவது அவர்கள் தலைமுறைகளாக அறிந்த வேலை.

கஹேந்திரர் துப்பாக்கியோடு நிற்கவில்லை. கார்ட்னர் என்ற அமெரிக்கரின் எந்திரத் துப்பாக்கியைப் பின்பற்றி, கைப்பிடியைச் சுழற்றினால் இரண்டு குழல்களும் மாறி மாறிச் சுடும் 'பீரா' துப்பாக்கியைச் செய்தார். தந்தையின் பெயரைச் சூட்டினார். சுமார் 25 மட்டுமே உருவாயின.

எல்லாம் கைவேலை. ஒரு துப்பாக்கியின் திருகாணி மற்றதில் பொருந்தாது. அதனால் இந்தத் துப்பாக்கிக்கு இந்தப் பாகம் என்று குறித்து வைக்க வேண்டியிருந்தது. எண்கள் தேவநாகரி எழுத்தில், ஆண்டுகள் விக்ரம சம்வத் கணக்கில். அது நம் கணக்கைவிட 57 ஆண்டு முன்னே ஓடும். 1947 என்று பொறித்திருந்தால் அது இந்தியா விடுதலை பெற்ற ஆண்டு அல்ல, 1890.

1923 டிசம்பரில் பிரிட்டனும் நேப்பாளமும் ஒரு புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. முதல் உலகப்போரில் கூர்க்காக்கள் சிந்திய இரத்தத்துக்குப் பிறகு வந்த உடன்படிக்கை அது. பிரிட்டிஷ் இந்தியாவின் வழியாக ஆயுதம் இறக்கிக்கொள்ள நேப்பாளத்துக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் இழுத்த பேரம் ஒருவழியாக முடிந்தது. அதற்குள் கஹேந்திராத் துப்பாக்கியின் காலமும் முடிந்துவிட்டது.

அரண்மனையில் தூங்கியவை

நேப்பாளம் அந்தத் துப்பாக்கிகளை உருக்கவுமில்லை, வீசவுமில்லை. காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய மாளிகையில் அடுக்கி வைத்தது. கம்பெனி காலத்துப் 'பிரவுன் பெஸ்' முதல் மார்டினி வரை, ஆங்கிலேயர் செய்தவையும் நேப்பாளத்தார் செய்தவையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆண்டுகள் போகப் போகத் தூசியும் கூரையிலிருந்து உதிர்ந்த மண்ணும் அவற்றை மூடின.

2003இல் பழங்கால ஆயுதங்களை விற்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து அந்தக் கிடங்கை நேப்பாள அரசிடம் விலைக்கு வாங்கின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். ஒரு நாடு தன் நூற்றாண்டுக் கால ஆயுதக் கிடங்கை அப்படியே தூக்கிக் கொடுத்தது சரிதானா என்பது தனிக் கேள்வி. அப்போது நேப்பாளத்தில் மாவோயிஸ்டு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசுக்குப் பணமும் தேவை, இப்படியொரு குவியல் வேறு கைக்குப் போய்விடாதிருப்பதும் தேவை. அதை மனத்தில் கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அதில் ஒரு பகுதியையாவது உள்நாட்டு வேலையின் சான்றாக நேப்பாளத்திலேயே வரிசையாக வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

அமெரிக்காவில் முதலில் பரபரப்பாக விற்றவை இங்கிலாந்தில் செய்த மார்டினிகள். 'நேப்பாள நகல்' என்றால் விலை குறைவு. அரக்குப்போல் இறுகிய பழைய கொழுப்பையும் அழுக்கையும் சுத்தம் செய்யாமல் அப்படியே அனுப்பினால் இன்னும் மலிவு. வாங்கியவர்கள் வீட்டின் பின்புறத்தில் வைத்து, எண்ணெயிலும் கரைப்பானிலும் ஊறப்போட்டு, பழைய பல்தூரிகையால் தேய்த்தார்கள். அழுக்கு போகப் போகக் குழலின்மேல் எழுத்துகள் தெரிந்தன. எழுத்துத் தெரிந்ததே ஒழியப் படிக்கத் தெரியவில்லை. இணையத்தில் படம் போட்டு, தேவநாகரி அறிந்தவர்களைக் கேட்டு, சம்வத் ஆண்டைக் கழித்துப் பார்த்து, மெல்ல மெல்ல அந்த நகல்களுக்குத் தனியாகவே ஒரு கூட்டம் சேர்ந்தது. மார்டினி-ஹென்றி உலகெங்கும் உண்டு. கஹேந்திரா நேப்பாளத்தைத் தவிர வேறெங்கும் செய்யப்படவில்லையே!

பாஸ் தெருவின் கதை வேறு

நேப்பாளத்தில் நகல் செய்தது அரசு. வடமேற்கு எல்லையில் நகல் செய்தவர்கள் குடிமக்கள். பெஷாவரிலிருந்து தெற்கே கோஹாட் கணவாய் வழியாகப் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் தர்ரா ஆதம் கேல் இருக்கிறது. அஃப்ரீதி என்ற பட்டாணியர் பிரிவின் ஊர். கணவாய்ச் சாலையைத் தடையின்றி விடுவதற்காக இவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்து வந்தது. துப்பாக்கித் தொழில் 1897இல் தொடங்கியதாக ஊரார் சொல்வார்கள்.

அந்த ஆண்டு எல்லை முழுவதும் தீப்பிடித்திருந்தது. கைபர் கணவாயின் கோட்டைகளை அஃப்ரீதிகள் கைப்பற்றினார்கள். அவர்களை அடக்க ஒரு பெரும்படை திரா மலைக்குச் சென்றது. 1897 அக்டோபர் 20ஆம் நாள் தர்காய் உச்சியில் நடந்த சண்டையில் முதல் அலையாக ஏறிப்போனவர்கள் இரண்டாம் கூர்க்காப் படையினர். மேலே பாறைகளுக்குப் பின்னால் இருந்து சுட்டவர்கள் மலைவாசிகள். ஏறியவர் கையில் மார்டினி. மறைந்திருந்து சுட்டவர் பலர் கையிலும் மார்டினி. இரு தரப்பின் சொந்த மண்ணிலும் அதே துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்துக் கொல்லர்கள் செய்துகொண்டிருந்த காலம் அது.

தர்ராவின் கொல்லர்களிடம் பெரிய எந்திரம் இல்லை. அரம், உளி, கையால் சுற்றும் துளைப்பான், பிறகு சிறு கடைசல் எந்திரம். கிடைத்த இரும்பே மூலப்பொருள். தண்டவாளத் துண்டுகளும் உண்டு என்பார்கள். ஒரு மாதிரித் துப்பாக்கியைக் கொடுத்தால் சில நாளில் அதைப்போல் இன்னொன்றைக் கொடுப்பார்கள். துப்பாக்கி மட்டுமல்ல, அதன்மேல் உள்ள முத்திரையையும் சேர்த்துத்தான். கிரீடம், அதன்கீழ் 'வி.ஆர்.' என்ற விக்டோரியா அரசியின் முதலெழுத்து, 'என்ஃபீல்டு' என்ற ஆலையின் பெயர், ஓர் ஆண்டு.

இங்கேதான் சேகரிப்பாளருக்கு வேட்டை. கொல்லருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தை எழுத்தாக அல்ல, கோலமாகப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். ஆங்கிலத்தின் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். கிரீடம் தலைப்பாகை போல் சரிந்திருக்கும். தமிழ் அறியாதவர் அச்சடித்த அறிவிப்புப் பலகையில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்பதைக் கண்டு சிரித்தவர்களுக்கும் முகம் சுளித்தவர்களுக்கும் இது எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னும் வேடிக்கை, ஆண்டு. விக்டோரியா அரசி 1901 சனவரியில் மறைந்துவிட்டார். அவருடைய முதலெழுத்தைப் போட்டு அதன்கீழ் அதற்குப் பிந்திய ஆண்டைப் பொறித்த துப்பாக்கிகள் ஏராளம். அரசி செத்தும் தர்ராவில் ஆட்சி நடந்துகொண்டிருந்தது!

இந்தப் பொய் முத்திரை மேல்நாட்டுச் சேகரிப்பாளரை ஏமாற்றுவதற்காகத் தொடங்கியதல்ல. அப்போது அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஏமாந்தவர் பக்கத்துக் கிராமத்துப் பட்டாணியர். ஆங்கிலேய முத்திரை இருந்தால் கூடுதல் விலை. முத்திரையை நம்பி வாங்கியவர் பகைவனை நோக்கிக் குறிவைக்கும்போது குழல் வெடித்தால் போவது அவருடைய கண்ணும் கையும். ஆபத்து காலப்போக்கில் கூடிற்று. மார்டினி கரிமருந்துக்காக உருவானது. கரிமருந்தின் அழுத்தம் குறைவு. 1890களில் பிரிட்டிஷ் இராணுவம் கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறியது. அதன் அழுத்தத்தைத் தாங்கத் தேர்ந்த எஃகு வேண்டும். லீ-என்ஃபீல்டின் உருவத்தை நகலெடுத்துவிடலாம். எஃகை அரத்தால் நகலெடுக்க முடியாது.

அஃப்ரீதிகளுக்கே இது தெரியும். தெரு நிறைய நகல் கிடைக்கும் ஊருக்கு அருகிலேயே, அசலைத் திருட உயிரைப் பணயம் வைத்தார்கள். 1923இல் கோஹாட்டில் காவல்துறையின் துப்பாக்கிகள் கொள்ளை போயின. தேடிப்போன படை, அஜப் கான் என்பவரின் கிராமத்தைச் சுற்றிவளைத்துத் துப்பாக்கிகளை மீட்டது. அந்தச் சோதனையில் தங்கள் பெண்களுக்கு அவமதிப்பு நேர்ந்ததாக அஜப் கான் கருதினார். ஏப்ரல் மாதம் ஓர் இரவு, கோஹாட் படைமுகாமில் ஓர் ஆங்கிலேய மேஜரின் வீட்டுக்குள் புகுந்து, மேஜரின் மனைவியைக் கொன்று, 17 வயது மகள் மோலி எல்லிஸைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பெஷாவரில் மருத்துவப் பணியில் இருந்த லிலியன் ஸ்டார் என்ற தாதி மலைக்குள் சென்று பேசி அந்தப் பெண்ணை மீட்டு வந்தார். பேரரசையே உலுக்கிய இந்தச் சம்பவத்தின் அடியில் கிடந்தது களவுபோன சில அசல் துப்பாக்கிகள்.

1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு தர்ராவின் பட்டறைகள் கலாஷ்னிகோவுக்கு மாறின. மார்டினியும் லீ-என்ஃபீல்டும் பழம்பொருள் ஆயின. 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தப் பழம்பொருளுக்குப் புதிய வாடிக்கையாளர் ஆனார்கள். தர்ராவிலோ 2008இல் பாகிஸ்தான் இராணுவத்துக்கும் தாலிபானுக்கும் சண்டை மூண்டது; 2018இல் அந்தப் பழங்குடிப் பகுதி முழுவதும் கைபர் பக்தூன்க்வா மாநிலத்துடன் இணைக்கப்பட்டது.

ஓர் ஆண்டின் விலை

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். புதிய துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. நேப்பாளக் கிடங்கு அப்படியே அமெரிக்காவுக்குள் போக முடிந்ததற்கு இதுவே வாசல். ஆப்கானிஸ்தானில் இருந்த சிப்பாய்களும் 1898க்கு முந்திய துப்பாக்கியை நினைவுப்பொருளாக வீட்டுக்கு அனுப்ப அனுமதி இருந்தது.

அந்தச் செய்தி முகாம்களுக்கு வெளியே இருந்த கடைக்காரர்களுக்கும் எட்டிவிட்டது. பிறகென்ன? கடையில் இருந்த மார்டினிகள் எல்லாம் 1898க்கு முன் பிறந்தவை ஆயின. பாட்டனார் காலத்தில் பட்டாணியரை ஏமாற்றப் போட்ட 'வி.ஆர்.' முத்திரை, பேரன் காலத்தில் அமெரிக்கரை ஏமாற்ற உதவியது. ஊருக்குத் திரும்பிய பிறகு அனுபவசாலி ஒருவரிடம் காட்டும்போதுதான் உண்மை வெளிவரும்: போன வருடம் செய்து, சாணத்திலும் புகையிலும் வைத்துப் பழசாக்கியது என்று. அப்படியானால் அது பழம்பொருளும் அல்ல, சட்டப்படி கொண்டுவந்த துப்பாக்கியும் அல்ல.

நேப்பாள நகலுக்கும் தர்ரா நகலுக்கும் இதுதான் பெரிய வேறுபாடு. கஹேந்திரா யாரையும் ஏமாற்றவில்லை. தன் எழுத்தில் தன் ஆண்டைத் தானே சொல்கிறது. தர்ராத் துப்பாக்கி தன்னை இங்கிலாந்துக்காரன் என்கிறது. ஆனால் சேகரிப்பாளரின் மனம் விசித்திரமானது. இப்போது அந்தத் திரும்பிய எழுத்துக்காகவே தர்ரா நகலைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிழை அதிகமானால் மகிழ்ச்சியும் அதிகம்.

சுடலாமா?

தர்ரா நகலைச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே அறிவு என்பதில் அனுபவசாலிகளிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நேப்பாள நகலைப் பற்றித்தான் விவாதம். விற்ற வணிகர்களே சுட வேண்டாம் என்று எச்சரித்துத்தான் விற்றார்கள். இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிட இலண்டனிலும் பர்மிங்ஹாமிலும் சோதனை நிலையங்கள் உண்டு. இயல்பைவிடக் கூடுதலான மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. இன்று இத்தாலியின் கார்தோனே பள்ளத்தாக்கில் பழைய துப்பாக்கிகளின் நகல்களைச் செய்யும் நிறுவனங்களும் தங்கள் நாட்டுச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி முத்திரை பெற்ற பிறகே விற்கின்றன. கஹேந்திராவுக்கு அப்படி யார் முத்திரையிட்டார்கள்? காய்ச்சி அடித்த இரும்பில் உள்ளே ஒரு குறை இருந்தால் வெளியே தெரியாது. ஒரு துப்பாக்கி தாங்கியது என்பதால் அடுத்ததும் தாங்கும் என்று சொல்லவும் முடியாது, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறந்தது என்பதால்.

இவ்வளவும் தெரிந்தும் சுடுகிறார்கள். அதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் விளையாட்டு என்று தோன்றாது. முதலில் தோட்டா இல்லை. மார்டினியின் தோட்டா போத்தலைப்போல் கழுத்து சிறுத்தது. கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. வேட்டைத் துப்பாக்கிக்கான 24ஆம் எண் பித்தளை உறையை வாங்கி, அச்சில் வைத்து அழுத்திக் கழுத்தைச் சிறுக்கச் செய்கிறார்கள். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். குழலின் அளவோ துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மென்மையான ஈயக் கட்டி ஒன்றைக் குழல் வழியாக அடித்துத் தள்ளி, அதில் பதிந்த அளவுக்கேற்பக் குண்டின் பருமனை முடிவு செய்ய வேண்டும். தோட்டா அமரும் அறைக்கு அச்சு வார்த்து அதையும் அளக்க வேண்டும். நேப்பாளக் கொல்லர் அரத்தை எங்கே நிறுத்தினாரோ அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற தோட்டாவை இவர் செய்ய வேண்டும். அவருக்கும் இவருக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள். இருந்தும் வேலை பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டதுபோல் இருக்கிறது.

மருந்திலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் இராணுவத் தோட்டாவில் சுமார் ஐந்தரை கிராம் கரிமருந்தும் 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. தோளை இடிக்கும் இடி அது. நேப்பாளத் துப்பாக்கிக்கு மருந்தைக் குறைத்து, மீதி இடத்தை மென்மையான பஞ்சுப்பொருளால் நிரப்பி, கனம் குறைந்த குண்டு போடுவார்கள். புகையில்லா மருந்தைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை.

பிரவுன் பெஸ் போன்ற இன்னும் பழைய துப்பாக்கிகளில் ஆசை உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அவற்றின் புதிய நகல்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டு வட அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகின்றன. 1801இல் பாளையக்காரரை எதிர்த்துக் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கி வந்ததும், 1878இல் ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர் வைத்திருக்க முடியாமல் போனதும் இந்த வகைத் துப்பாக்கிகள்தாம். ஏற்றுமதியாகும் நகலில் ஒன்று மட்டும் இருக்காது: மருந்துக்குத் தீ போகும் சிறு துளை. துளையில்லாத வரை அது அலங்காரப் பொருள். அக்கரையில் வாங்கியவர் தன் பொறுப்பில் ஓர் ஆயுதத் தச்சரிடம் கொடுத்துத் துளை போட்டுக்கொள்கிறார். அதன்பிறகு அதுவும் டயரில் கட்டப்படுகிறது, கயிற்றால் இழுக்கப்படுகிறது.

கயிற்றுச் சோதனையில் தேறிய கஹேந்திராவை ஒருநாள் தோளுக்கு எடுக்கிறார்கள். நெம்புகோலைத் தாழ்த்தி ஒரு தோட்டாவை வைத்து மூடினால், பட்டைவில் இறுகும் சத்தம் கேட்கும். சுட்டதும் எதிரே ஒன்றும் தெரியாது; வெண்புகை கலைந்த பிறகே குறியில் பட்டதா என்று பார்க்க முடியும். பத்துத் தோட்டாவுக்குள் குழல் கரியால் அடைபடத் தொடங்கும். கரிமருந்தின் எச்சம் ஓர் இரவில் இரும்பை அரித்துவிடும் என்பதால் அன்றே கழுவியாக வேண்டும். குழலில் வெந்நீரை ஊற்றி, கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை துணி செலுத்தித் துடைத்து, காய வைத்து, எண்ணெய் பூசி, தேவநாகரி எழுத்து மேலே தெரியும்படி அலமாரியில் சார்த்தி வைக்கிறார்கள்.